அப்பாவை மாமா என்று கூப்பிட்டவள்

போன மாதம் சுங்கைப் பட்டாணியில் நம் தாமான் குடியிருப்புப் பெண்கள் ஏழெட்டுப் பேர் என் வீட்டில் கூடினோமே, அன்றைக்குப் பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பிள்ளைகள் நம்மைக் கூப்பிடும் விதத்தில் வந்து நின்றது. நம்மில் ஒருத்தியின் மகன் ஆஸ்திரேலியாவில் வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டியிருக்கிறான். அந்த மருமகள் மாமியாரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாளாம். "மொத தடவை கேட்டப்போ, நம்ம பேர்ல இன்னொருத்தி பின்னால நிக்கிறாளோன்னு திரும்பிப் பார்த்தேன்லா" என்றாள். விழுந்து விழுந்து சிரித்தோம்.

இன்னொருத்தி, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவின் மகன் தலை நரைத்த பிறகும் 'மக்' என்று கூப்பிட்டு, கையை எடுத்து முத்தமிட்டுவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளை எடுக்கிறான் என்று பெருமூச்சு விட்டாள். கத்தோலிக்கத் தோழி, தங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வீட்டுப் பிள்ளைகள் பேரன் பேத்தி எடுத்தும் 'டாடி' என்று குழைவதை நடித்துக் காட்டினாள். "நம்ம பிள்ளைங்க மட்டும் 'மா'ன்னு ஒரே எழுத்துல முடிச்சிருதுங்க. அதுவும் வாட்ஸாப்புல" என்று ஒருத்தி அலுத்துக்கொண்டாள். அப்போது உங்களில் யாரோ என் பக்கம் திரும்பி, "நீ ஒங்கப்பாவ என்னன்னு கூப்பிடுவே?" என்று கேட்டீர்கள்.

டீ ஆறிவிடும் என்று சொல்லிவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். டீ அப்போதுதான் கொதித்துக்கொண்டிருந்தது. கேட்டவளுக்கு இதற்குள் மறந்தும் போயிருக்கும். எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். வாயால் சொல்லச் சொன்னால் இன்னொரு தடவையும் டீ எடுக்கத்தான் போவேன்.

நான் என் அப்பாவை மாமா என்று கூப்பிட்டேன். பெற்ற அப்பாவைத்தான் சொல்கிறேன். அவர் சாகும்வரை அப்படித்தான் கூப்பிட்டேன். எழுதும்போது மட்டும் அப்பா என்று எழுதுகிறேன். எழுதக் கூடாது என்று பூசாரி சொல்லவில்லை.

எங்கள் தோட்டம் கரங்கான் பக்கம். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. நான் பிறந்த வாரம் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டு, பிழைப்பாரா என்ற நிலைக்குப் போய்விட்டார். அம்மா பச்சை உடம்போடு கோயிலுக்கு ஓடினாளாம். பூசாரி கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கும் தகப்பனுக்கும் ஆகாது, இது வாயால் அப்பா என்று கூப்பிட்டால் அவனுக்கு ஆயுசு நிற்காது என்று சொல்லிவிட்டார். பரிகாரம் இருந்தது. பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும்.

எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் அப்பாவின் அக்கா இருந்தார். அத்தை மாட்டுக்கு வாங்கி வைத்திருந்த தவிட்டில் ஒரு படி அளந்து கொண்டுவந்து, சாமி முன்னால் அம்மாவின் முந்தானையில் கொட்டிவிட்டு என்னை வாங்கிக்கொண்டார். பிறகு அங்கேயே, வளர்க்க ஆள் இல்லை என்று சொல்லி, என்னை அம்மாவிடமே கொடுத்துவிட்டார். சாமியின் கணக்கில் நான் அன்றிலிருந்து அத்தையின் மகள். ஆகவே அப்பா எனக்கு மாமா.

அந்த முறைப்படி பார்த்தால் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிட்டிருக்க வேண்டும். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. அம்மா அம்மாவாகவே இருந்தாள், அத்தை அத்தையாகவே இருந்தார், அப்பா மட்டும் மாமாவாகிவிட்டார். சாமிக்கு ஒருத்தரை ஏமாற்றினால் போதும் போலிருக்கிறது. லயத்துப் பெண்கள் குழாயடியில், "அம்மாக்காரி அம்மா, அப்பன்காரன் மாமா, இது என்ன முறைடி?" என்று என்னைச் சீண்டுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். நாலைந்து வயதில் அது ஒரு விளையாட்டுத்தான்.

விளையாட்டாக இல்லாமல் போனது தம்பி பேச ஆரம்பித்த பிறகு. அவனுக்கு ஒரு தடையும் கிடையாது. அவன் வாயில் முதலில் வந்த சொல்லே அப்பாதான். பசித்தால் அப்பா, விழுந்தால் அப்பா, ஒன்றுமே இல்லாவிட்டாலும் அப்பா. அம்மா அதை ஒரு தடவைக்குப் பத்துத் தடவை சொல்லச் சொல்லிக் கேட்பாள். என் பங்கையும் சேர்த்து அவன் கூப்பிடட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சொல் தின்னக் கிடைக்காத பண்டம் ஆகிவிட்டது.

எனக்கு எட்டு வயதான அந்த வருடத்து இலையுதிர் காலத்தைத்தான் சொல்ல வந்தேன். உங்களுக்கு நினைவிருக்கும், தைக்கு முன்னும் பின்னும் ரப்பர் மரங்கள் ஒரு வாரம் சிவந்து, பிறகு மொத்தமாகக் கொட்டிவிடும். வருடம் முழுக்க இருட்டாகக் கிடக்கும் தோட்டத்தில் திடீரென்று வெயில் இறங்கும். காலடியில் சருகு முறுகும். பால் குறைந்துவிடுவதால் பாலுக்கு மரம் வெட்டுவதை நிறுத்திவிட்டு ஆட்களை வடிகாலுக்குக் கான் வெட்டவும் புல் வெட்டவும் விடுவார்கள். விடியும் முன்பே காட்டுக்குப் போய்ப் பால் வாடையோடு திரும்பும் அப்பா, அந்தக் காலத்தில் மட்டும் சூரியன் வந்த பிறகு வீட்டை விட்டுக் கிளம்புவார். காலையில் அவர் முகத்தைப் பார்க்கலாம். எனக்கு அது திருவிழா மாதிரி இருக்கும்.

பார்க்கலாம், ஆனால் கூப்பிடுவதற்குத்தான் வாய் வராது. தம்பி அப்பா என்று கத்திக்கொண்டு ஓடும் அதே முற்றத்தில் நின்று மாமா என்று கூப்பிட எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். வாசலில் அவருடைய பால் வாளி கவிழ்த்து வைத்திருக்கும். தகர வாளி, கைப்பிடியில் சாக்குத் துணி சுற்றியிருக்கும், உள்ளே எவ்வளவு தேய்த்தாலும் போகாத பால் தோல் ஒட்டியிருக்கும். சோறு ஆகிவிட்டது, அம்மா கூப்பிடுகிறாள் என்றால் அதை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவேன். டொங், டொங். அப்பா எங்கிருந்தாலும் "வர்றேன்" என்பார். வேறு யார் தட்டினாலும் வர மாட்டார். தம்பி ஒரு தடவை தட்டிப் பார்த்து ஏமாந்தான்.

அந்த வாளி எங்கே போனது என்று தெரியவில்லை. தோட்டம் கைமாறி, ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது கிளம்பிய அவசரத்தில் எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று யார் கண்டது. நகை நட்டைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் வாளியைத் தேடுகிறேன்.

என்னைப் போல உலகத்தில் யாருமே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் காலத்தில்தான் இன்னொருத்தியையும் கண்டுபிடித்தேன். பஸ் போகும் கரங்கான் சடக்கோரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த சீனத் தவுக்கேக்கு என் வயதில் ஒரு மகள். நான் கருவாடு வாங்கப் போனால் எடைக்கல்லை எடுத்துக் கொடுப்பாள். தோட்டத்துச் சனங்களோடு பழகிப் பழகி அவளுக்குத் தமிழ் நன்றாக வரும். அவள் தன் அப்பாவை 'அச்செக்' என்று கூப்பிடுவாள். அப்படியென்றால் சீனத்தில் அப்பாவா என்று ஒரு நாள் கேட்டேன்.

"இல்ல. சித்தப்பா" என்றாள்.

"அப்ப இவரு ஒங்கப்பா இல்லையா?"

"அப்பாதான். அப்பான்னு கூப்பிட்டா அவருக்கு ஆகாது. நான் பொறந்தப்போ கோயில்ல சொல்லிட்டாங்க."

கருவாட்டை வாங்காமலே நின்றுவிட்டேன். பிறகு என் கதையைச் சொன்னேன். அவள் அதை ஒரு பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படியா என்று கேட்டுவிட்டு, ஜாடியைத் திறந்து எனக்கொரு புளிப்பு மிட்டாய் கொடுத்தாள். எனக்கோ ஒரு தோழி கிடைத்த சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அதுவரை பூசாரி மட்டும் சொன்னதாக இருந்தது. இப்போது சீனச் சாமியும் அதையே சொல்கிறதென்றால் நிச்சயம் உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்.

ஆனாலும் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்க்கும் ஆசை போகவில்லை. ஒரு மத்தியானம் அம்மா தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாளியை நிமிர்த்தி, தலையை உள்ளே விட்டு, மெதுவாக "அப்பா" என்றேன். அந்தத் தகரம் என் குரலை எனக்கே திருப்பிக் கொடுத்தது. புளித்த பால் வாடை மூக்கில் ஏறியது. இன்னொரு தடவை சொன்னேன். வாளிக்குள் சொன்னால் வெளியே போகாது என்று நம்பினேன்.

மறுநாள் கான் வெட்டும்போது மண்வெட்டி நழுவி அப்பாவின் இடது காலில் இறங்கிவிட்டது. இரண்டு பேர் தோள் கொடுத்துத் தூக்கி வந்தார்கள். சருகின் மேல் வீட்டு வாசல் வரைக்கும் இரத்தம் சொட்டியிருந்தது. தோட்டத்து டிரெஸ்ஸர் வந்து தையல் போட்டார். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அழுதாள். தம்பி அப்பா, அப்பா என்று அலறினான். நான் மட்டும் வாளிக்குப் பக்கத்தில் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றேன்.

அத்தை அதைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளைடி இது, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல" என்றார். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே, "தவிட்டுக்குக் குடுத்தது குடுத்ததுதான் அண்ணி. அதுக்கு இவரு மேல ஒட்டே இல்ல" என்றாள். அப்பா படுத்திருந்த இடத்திலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அவருக்கும் அது கேட்டிருக்கும். அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. நான் பெரியவளான பிறகும் அம்மா வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை. புருஷனைக் காப்பாற்ற ஒரு சொல்லை விலையாகக் கொடுத்தாள், அந்த விலையை யார் கட்டுகிறார்கள் என்று பார்க்கத் தெரியவில்லை.

புதுத் தளிர் விடும் சமயத்தில் காயம் ஆறியது. சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் போய்விட்டது, பழைய செருப்பும் ஏறவில்லை. வேறு செருப்பு வாங்க அப்பா சுங்கைப் பட்டாணிக்குக் கிளம்பினார். தம்பிக்குச் சளி. "இவளக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். இரண்டு பஸ் மாறிப் போனோம். வெளியே மரங்களெல்லாம் இளம்பச்சையாக மாறியிருந்தன. அப்பா என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, காற்றில் என் முடி பறக்காமல் இருக்கத் தன் கைக்குட்டையைத் தலையில் கட்டிவிட்டார்.

செருப்பு வாங்கினோம். பிறகு பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மலாய்க்காரரின் ஐஸ் கச்சாங் கடைக்குக் கூட்டிப் போனார். கடைக்காரர் ஐஸ் கட்டியைச் சீவிக்கொண்டே, மகளா என்று மலாயில் கேட்டார். அப்பா தலையை ஆட்டிச் சிரித்தார். அவர் அப்படி முகமெல்லாம் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னால் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். நான் குறுக்கே புகுந்தேன். "புக்கான் பாப்பா. மாமா" என்றேன், அப்பா இல்லை என்று. எந்த ஊரிலும் சாமிக்குக் காது இருக்குமே என்ற பயம். கடைக்காரர் என் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சிவப்புச் சீனிப்பாகு ஊற்றிவிட்டுப் போனார்.

அப்பா கொஞ்ச நேரம் தன் கிண்ணத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு மேசை மேல் குனிந்தார்.

"இந்த ஊர்ல நம்மள யாருக்கும் தெரியாது. பூசாரி இல்ல. ஒங்கம்மா இல்ல. ஒரே ஒரு தடவை கூப்பிடு. சத்தமா வேணாம். எனக்குக் கேட்டாப் போதும்."

எதைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. மேசைக்கு அடியில் பார்த்தேன். புதுச் செருப்புக்குள் அந்தத் தழும்பு, ரோஜா நிறத்தில், இன்னும் தோல் இறுகாமல். வாளிக்குள் சொன்னதற்கே கால் வெட்டுப்பட்டது. நேரில் சொன்னால் என்ன ஆகும். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவர் காத்திருந்தார். நான் இன்னொரு தடவையும் ஆட்டினேன்.

"சரி. ஐஸு கரையுது. சாப்பிடு" என்றார். தன் கிண்ணத்திலிருந்த சிவப்பு மொச்சையையெல்லாம் கரண்டியால் அள்ளி என் கிண்ணத்தில் போட்டார். அதற்குப் பிறகு வாழ்நாளில் அவர் என்னிடம் அதைக் கேட்கவே இல்லை.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்து தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் உயிரோடு மூச்சு விடுவது காதில் கேட்டது. நான் கூப்பிடாததால்தான் அந்த மூச்சு வருகிறது என்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

படித்தாய், ஃபேக்டரிக்குப் போனாய், நாலு இனத்தோடு பழகினாய், வளர்ந்த பிறகாவது இந்தப் பைத்தியக்காரத்தனத்தை விட்டிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். விட்டேன். பூசாரி சொன்னது பொய் என்று பதினாறு வயதிலேயே எனக்குத் தெரியும். ஆனால் பொய்தானா என்று சோதித்துப் பார்க்க எனக்கு இன்னொரு அப்பா இல்லையே. இன்றைக்கு வேண்டாம், அவருக்கு இருமல் விடட்டும் என்று தள்ளினேன். இருமல் விட்ட பிறகு சர்க்கரை வந்தது. அப்படியே வருடங்கள் போயின. அடையாள அட்டையில் என் பெயருக்குப் பின்னால் அவர் பெயர் இருக்கும். அரசாங்க ஆபீசில் சேர்த்துக் கூப்பிடும்போது எழுந்து போவேன். அங்கே மட்டும்தான் நான் அவர் மகள்.

என் கல்யாணத்தில் சாமி கோபப்படக் கூடாது என்று அத்தையையும் அத்தையின் வீட்டுக்காரரையும் மணையில் உட்கார வைத்து என்னைத் தாரை வார்த்துக் கொடுக்கச் செய்தார்கள். அப்பா பின்பக்கம் சோற்றுக் கிடாரத்தோடு நின்றிருந்தார். பிறகு காலில் விழப் போனபோது, "மாமா, ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றேன். மாப்பிள்ளை வீட்டுக்காரி ஒருத்தி, இந்த மாமா யார், பெண்ணுக்கு ரொம்ப நெருக்கமோ என்று கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா, "சொந்தந்தாம்மா" என்றார்.

அந்த மளிகைக் கடைக்காரத் தோழியைச் சில வருடங்களுக்கு முன் இங்கே பாசாரில் பார்த்தேன். கீரைக்கட்டோடு நின்று ஒரு மணி நேரம் பேசினோம். கல்லறை சுத்தம் செய்யும் நாளில் அப்பாவின் கல்லறைக்குப் போய் வந்ததாகச் சொன்னாள். அங்கே அவரை என்னவென்று கூப்பிட்டாய் என்று கேட்டேன்.

"அச்செக்னுதான். வேற என்ன?"

"இனிமே என்ன பயம், அப்பான்னு கூப்பிடலாம்னு தோணலையா?"

என்னை வினோதமாகப் பார்த்தாள். "எதுக்குலா? எங்க வூட்ல அச்செக்னாலே அப்பாதான். நாங்க ஆறு பேரும் அப்படித்தான் கூப்பிட்டோம்" என்றாள்.

பாசாரிலிருந்து நடந்து வரும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் வீட்டில் ஒருத்திக்குத் தோஷம் என்றதும் ஆறு பேருக்கும் அதே சொல்லைக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சொல்லே அப்பா ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் தம்பியையும் மாமா என்று கூப்பிட விட்டிருந்தால் போதும், எனக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது. சொல்லில் ஒன்றும் இல்லை. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு சொல் இருந்ததுதான் என் துக்கம். இதை யோசிக்க ஒருத்தர்கூட இல்லாமல் போனார்களே என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்.

அப்பா போய் இரண்டு வருடமாகிறது. எல்லோரும் அப்பா, தாத்தா என்று அழுதபோது என் வாயில் மாமா என்றுதான் வந்தது. துக்கத்துக்கு வந்த ஒருவர் என்னை மருமகள் என்று நினைத்து, தம்பியிடம், உன் மனைவிக்கு மாமனார் மேல் இவ்வளவு பாசமா என்று கேட்டாராம். அதையும் நான் மன்னித்துவிட்டேன். நான் சொல்ல வந்தது அதற்கு ஒரு வருடம் முன்னால் நடந்ததை.

தம்பி வீட்டில் மாடிப்படி. ஏற முடியாது என்று கடைசிக் காலத்தில் அவர் என் வீட்டில்தான் இருந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அவருக்கு நினைவு கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்து, கீழே உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். மடங்காத சுண்டுவிரலைப் பிடித்தபோது கேட்டார்.

"நீ எங்கக்கா மவதானே?"

வாழ்நாளெல்லாம் மாமா என்று கூப்பிட்டவளை அவர் வேறு யாரென்று நினைப்பார். "ஆமா மாமா" என்றேன்.

"எனக்கும் ஒரு பொம்பளப் பிள்ள இருக்கு. எட்டு வயசு."

"எங்க அது?"

"வரும்" என்று வெளிக்கேட்டைப் பார்த்தார்.

கேட்டிருக்கக் கூடாது. ஆனாலும் கேட்டேன். "அது ஒங்கள என்னன்னு கூப்பிடும் மாமா?"

அவர் பொக்கை வாயால் சிரித்தார். "கூப்பிடாது. வாளியத் தட்டும். டொங் டொங்னு ரெண்டு தட்டு. நான் தெரிஞ்சுக்குவேன்."

"வாயத் தொறந்து கூப்பிட்டா என்னவாம்?"

"கூப்பிட்டா நான் செத்துருவேன்னு பயம் அதுக்கு. அவ அம்மாக்காரி ஒட்டு இல்லாத பிள்ளைம்பா. அவளுக்கு என்ன தெரியும். டவுனுக்குக் கூட்டிட்டுப் போயி ஐஸெல்லாம் வாங்கிக் குடுத்து, ஒரு தடவை கூப்பிடுன்னு கேட்டேன். பிள்ள மொகம் வெளுத்துப் போச்சு. அய்யோ, ஏன் கேட்டோம்னு ஆயிருச்சு." மறுபடியும் வெளிக்கேட்டைப் பார்த்தார். "பெருசானா பயம் தெளிஞ்சு அதுவா கூப்பிடும்னு விட்டுட்டேன்."

நகவெட்டி என் கையிலிருந்து சிமெண்ட் தரையில் விழுந்தது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஐஸ் கடையிலேயே தெரிந்திருக்கிறது. நான் பயந்து பயந்து தள்ளிப்போட்ட அத்தனை வருடமும் அவர் என் பயம் தெளிவதற்காகக் காத்திருந்திருக்கிறார். ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, என்னை நெருக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறார்.

அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நிமிர்ந்து பார்த்து, "அப்பா" என்றேன்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மூச்சு நிற்கவில்லை. பக்கத்து வீட்டில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சட்டென்று நிமிர்ந்தார். முகம் ஐஸ் கடையில் மலர்ந்ததுபோல மலர்ந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே வெளிக்கேட்டைப் பார்த்தார்.

"கேட்டுச்சா? வந்துருச்சு. கூப்பிடுது பாரு." கையால் என் தோளைத் தள்ளினார். "போ, போயி கேட்டத் தொற. பிள்ள வெயில்ல நிக்கும்."

நான் எழுந்து போய்க் கேட்டைத் திறந்தேன். தெருவில் யாரும் இல்லை. எதிர்வீட்டு மலாய்ப் பையன் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவர் இன்னும் கேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரலையா?"

"பஸ்ஸு கெடைச்சிருக்காது மாமா. வந்துரும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"அப்ப நீ போயிறாத. அது வர்ற வரைக்கும் எங்கூட இரு."

"இருக்கேன் மாமா" என்றேன்.